போரில் காயமடைந்து வீடு திரும்பும் படைவீரருக்கு உரிய ஓய்வூதியம்: குடும்பத்தாருக்கான வழிகாட்டி

என் தம்பி இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தது ஒரே நாளில். அந்தக் கால் போர்ப்பணியில்தான் போனது என்பது காகிதத்தில் ஏற மூன்று ஆண்டுகளும் ஏழு மாதங்களும் ஆயின. எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டருகே ரோந்து சென்ற குழுவில் அவன் இருந்தான்; கண்ணிவெடி வெடித்தது; உடன் சென்றவர்கள் தோளில் தூக்கி வந்தார்கள். இதில் எதையும் யாரும் மறுக்கவில்லை. ஆனால் முதல் அறிக்கையை நிரப்பியவர் "பணியின்போது நேர்ந்த விபத்து" என்று எழுதிவிட்டார். அதன்பின் வந்த ஒவ்வோர் அலுவலகமும் முந்தைய காகிதத்தில் இருந்த அந்த வரியைப் பார்த்தே எழுதியது.

பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத தெருவே இல்லாத ஊர் எங்களுடையது. அப்படியிருந்தும், காயத்தோடு திரும்பியவருக்கு என்ன உரிமை உண்டு, அதை எங்கே கேட்க வேண்டும் என்று முழுதாகச் சொல்லத் தெரிந்தவர் ஊரில் எவரும் இல்லை. தம்பிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், பள்ளியில் கொடியேற்ற அழைத்தார்கள். அவனுக்குச் சேர வேண்டிய தொகை வருகிறதா என்று கேட்டவர் இல்லை. அலுவலகங்களிலோ யாரைக் கேட்டாலும் இன்னொருவரைக் கைகாட்டினார்கள். தேதியும் பதவியும் இட்டு எழுத்தில் பதில் தருவதற்கு எவரும் முன்வரவில்லை. காயம்பட்டவரைக் கைவிட்டதற்கு யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்ற நிலை இப்படித்தான் உருவாகிறது. ஆகவே கீழே உள்ள ஒவ்வொரு படியிலும் ஒன்றையே வற்புறுத்துவேன்: எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள்.

இது தரைப்படையில் சிப்பாய் முதல் சுபேதார் மேஜர் வரையிலான நிலைகளில் காயமடைந்தவர்களின் வீட்டாருக்கு எழுதப்பட்டது. வீரர் இன்னும் மருத்துவமனையில் இருக்கும்போதே இதைப் படிக்க நேர்ந்தால் மிகவும் நல்லது.

1. காயம் எந்தப் பிரிவில் எழுதப்பட்டிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்

பாதுகாப்பு அமைச்சகத்தின் 31.1.2001 தேதியிட்ட ஆணை, உயிரிழப்பையும் உடல் ஊனத்தையும் அவை நேர்ந்த சூழ்நிலையின்படி ஏ, பி, சி, டி, இ என ஐந்து பிரிவுகளாக்குகிறது. இவற்றில் 'டி' தவிர்த்த நான்கை மட்டும் இங்கே சொல்கிறேன். பணிக்குத் தொடர்பில்லாத இயற்கைக் காரணங்கள் 'ஏ' பிரிவு. பணியின் விளைவாக வந்த அல்லது பணியால் தீவிரமடைந்த நோய்கள் 'பி'. பணியின்போது நேரும் விபத்துகள் 'சி'. போர், எல்லை மோதல், செயற்களப் பகுதியில் கண்ணிவெடி, தீவிரவாதிகளுக்கு எதிரான நடவடிக்கை, வெளிநாட்டில் அமைதிப்படைப் பணி ஆகியவை 'இ'. 'பி', 'சி' பிரிவினருக்குச் சாதாரண ஊன ஓய்வூதியமும், 'இ' பிரிவினருக்குப் போர்க்காய ஓய்வூதியமும் வழங்கப்படுகின்றன.

ஓர் எழுத்து மாறினால் என்ன ஆகும் என்பதைக் கணக்காகவே காட்டுகிறேன். கடைசியாக வாங்கிய ஊதியம் 40,000 ரூபாய் என்றும், ஊனம் 75 விழுக்காடாகக் கொள்ளப்பட்டு வீரர் மருத்துவக் காரணத்தால் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார் என்றும் வைத்துக்கொள்வோம். இரு பிரிவிலும் பணிக்கூறு என்ற பகுதி ஊதியத்தில் பாதியாக 20,000 ரூபாய் வரும். சாதாரண ஊன ஓய்வூதியத்தில் நூறு விழுக்காட்டு ஊனத்துக்கு ஊனக்கூறு ஊதியத்தில் 30 விழுக்காடு. 75 விழுக்காட்டுக்கு அது 9,000 ரூபாய். போர்க்காய ஓய்வூதியத்தில் நூறு விழுக்காட்டு ஊனத்துக்குக் காயக்கூறு முழு ஊதியம். 75 விழுக்காட்டுக்கு 30,000 ரூபாய். ஆக, அகவிலைப்படியைச் சேர்க்காமலேயே மாதம் 21,000 ரூபாய் வேறுபாடு. தம்பியின் வழக்கில் முதல் அறிக்கையின் அந்த ஒரு வரி இந்த வேறுபாட்டைத்தான் பறித்தது.

கேட்டு வாங்க வேண்டிய காகிதங்கள் நான்கு. ஐ.ஏ.எஃப்.ஒய். 2006 என்ற எண்ணுள்ள காய அறிக்கை. கோர்ட் ஆஃப் என்கொயரி எனப்படும் படை விசாரணை நடந்திருந்தால் அதன் முடிவும் யூனிட்டின் தலைவரான கமாண்டிங் ஆபீசரின் கருத்தும். சம்பவத்தைப் பதிந்த பார்ட் டூ ஆர்டர், அதாவது வீரரின் பணிப்பதிவில் ஏறும் யூனிட் ஆணை. போர்க்களக் காயம், அதாவது பேட்டில் கேஷுவல்டி, என்று யூனிட் அறிவித்ததற்கான சான்று. இவற்றில் ஏதாவதொன்றில், போர்க்களக் காயம் அல்ல என்று பொருள்படும் 'ஃபிசிக்கல் கேஷுவல்டி' என்று இருந்தால், வீரர் பணியில் இருக்கும்போதே திருத்தம் கேட்டு கமாண்டிங் ஆபீசருக்கு மனு எழுதுங்கள். பணியைவிட்டு வந்தபின் அதே திருத்தத்துக்குப் பல மடங்கு காலம் பிடிக்கும்.

உடன் இருந்தவர்களின் பெயர், ஆர்மி நம்பர், சொந்த ஊர் ஆகியவற்றை முதல் சில வாரங்களுக்குள் குறித்து வையுங்கள். யூனிட் இடம் மாறும். ஆட்கள் நான்கு திசைக்கும் போஸ்டிங் போவார்கள். தம்பியைத் தூக்கி வந்த இருவரின் கையெழுத்திட்ட வாக்குமூலம்தான் கடைசியில் எங்கள் வழக்கைத் தூக்கி நிறுத்தியது. அவர்களில் ஒருவரைத் தேடிப் பிடிக்கவே ஐந்து மாதங்கள் ஆயின.

2. மெடிக்கல் போர்டுக்கு ஆயத்தமாகச் செல்லுங்கள்

மெடிக்கல் போர்டு என்பது படை மருத்துவர் குழு நடத்தும் ஆய்வு. மருத்துவக் காரணத்தால் விடுவிக்கப்படுபவருக்கு இன்வேலிடிங் மெடிக்கல் போர்டும், பணிக்காலம் முடிந்து செல்பவருக்கு ரிலீஸ் மெடிக்கல் போர்டும் நடக்கும். ஊனத்தின் விழுக்காடு என்ன, அது பணியால் வந்ததா அல்லது பணியால் தீவிரமடைந்ததா, அது நிரந்தரமானதா என்ற மூன்று கேள்விகளுக்கு போர்டு எழுதும் விடைதான் வீரரின் மிச்ச வாழ்நாளின் வருமானம். படிவத்தின் முதற்பகுதி வீரரே தரும் வாக்குமூலம். வலி மருந்தின் மயக்கத்தில் தம்பி அதைப் படிக்காமலேயே கையெழுத்திட்டான். நீங்கள் அப்படி விடாதீர்கள். எங்கே, எந்தத் தேதியில், எந்தப் பணியில், எப்படி என்பதை முந்தைய நாளே தாளில் எழுதி வைத்து, அதைப் பார்த்து நிரப்பச் சொல்லுங்கள்.

எல்லாக் காயங்களும் போர்டின் முன் வர வேண்டும். கால் போனவருக்குக் காதிலும் பாதிப்பு இருக்கக்கூடும். வெடியின் அதிர்வில் கேட்கும் திறன் குறைவது வழக்கம். தூக்கமின்மை, திடுக்கிட்டு எழுதல், பேச்சைக் குறைத்தல், சினம் ஆகியவற்றையும் சொல்ல வேண்டும். ஆண்பிள்ளை இதையெல்லாம் சொல்லலாமா என்று வீரர்கள் மறைப்பதையும், "உடம்புக்கு வந்ததே பெரிது, இதையும் எழுத வேண்டுமா" என்று வீட்டார் அடக்குவதையும் நான் கண்டிருக்கிறேன். பதிவு செய்யப்படாத மனக்காயம் பத்து ஆண்டுகள் கழித்துக் குடும்பத்தையே குலைக்கும்போது, அது பணியால் வந்தது என்று நிறுவக் கையில் ஒரு தாளும் இராது.

நோயை, சிறப்பாக மனநோயை, "பணியால் ஏற்பட்டதும் அல்ல, பணியால் தீவிரமடைந்ததும் அல்ல" என்று எழுதிக் கோப்பை மூடுவது அடிக்கடி நடப்பது. பட்டாளத்தில் இதைச் சுருக்கி என்.ஏ.என்.ஏ. என்பார்கள். படையில் சேர்ந்தபோது குறிக்கப்படாத நோய் பின்னர் வந்தால் அது பணியால் வந்ததாகவே கொள்ளப்பட வேண்டும், இல்லையெனில் காரணத்தை போர்டு எழுத வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. காரணம் எழுதாத என்.ஏ.என்.ஏ. முடிவைக் கண்டால் இதை மேற்கோள் காட்டுங்கள். 21.9.2023 முதல் புதிய தகுதி விதிகள் நடைமுறைக்கு வந்துள்ளன. உங்கள் வீரருக்கு எந்த விதித் தொகுப்பு பொருந்துகிறது என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

போர்டு நடவடிக்கைகளின் முழு நகலைப் பெறாமல் மருத்துவமனையைவிட்டு வராதீர்கள். "பிறகு ரெக்கார்ட் ஆபீஸிலிருந்து தபாலில் வரும்" என்று எங்களிடம் சொன்னார்கள். வீரர்களின் பணிப்பதிவுகளை வைத்திருக்கும் அலுவலகம் அது. வரவில்லை.

3. கையெழுத்துக்கு முன் படிக்க வேண்டிய இரண்டு தாள்கள்

முதலாவது, இலகுவான பணியில் தொடர விருப்பமா இல்லையா என்ற சான்று. 'ஷெல்டர்டு அப்பாயின்ட்மென்ட்' என்று அதற்குப் பெயர். பணியில் தொடர்ந்து பின்னாளில் ஓய்வு பெறுபவருக்குக் காயக்கூறு நூறு விழுக்காட்டு ஊனத்துக்கு முழு ஊதியமாக வராமல் 60 விழுக்காடாகவே வரும். ஆனால் ஊதியமும் பதவி உயர்வும் பணிக்காலமும் தொடரும். எது நல்லது என்பது வயதையும் பிள்ளைகளின் படிப்பையும் பொறுத்தது. தானே விரும்பி வெளியேறியதாகவும், தகுந்த பணி இல்லாததால் விடுவிக்கப்பட்டதாகவும் எழுதுவதற்கு இடையே சட்டத்தில் பெரிய வேறுபாடு உண்டு என்பதால், அவசரப்படுத்தினாலும் ஒரு நாள் அவகாசம் கேட்டு வீட்டாரோடு பேசிய பிறகே கையெழுத்திட வேண்டும்.

இரண்டாவது, பணியில் தொடர்பவரிடம் காயக்கூறுக்குப் பதிலாக மொத்தத் தொகை பெற விருப்பமா என்று கேட்கும் தாள். கடன் உள்ள வீட்டில் அந்தத் தொகை பெரிதாகத் தெரியும். ஆனால் அதை வாங்கிவிட்டால் அந்த ஊனத்துக்காகப் பின்னாளில் மாதாமாதம் வரக்கூடிய கூறு இல்லாமல் போகும். மனம் மாறித் திரும்பக் கேட்க வழியில்லை.

4. ஓய்வூதிய ஆணையை வரிவரியாகச் சரிபாருங்கள்

விடுவிப்புக்குப் பின், பணி விவரங்கள் அடங்கிய டிஸ்சார்ஜ் புத்தகமும், பிபிஓ எனப்படும் ஓய்வூதிய ஆணையும் வரும். இப்போது பாதுகாப்புத் துறை ஓய்வூதியம் ஸ்பர்ஷ் என்ற இணைய அமைப்பின் வழியே வழங்கப்படுகிறது. அதில் நுழைந்து பிபிஓவைப் பதிவிறக்கிப் பார்க்கலாம். சொந்தமாகச் செய்ய இயலாதவர் பொதுச் சேவை மையத்தில் செய்யலாம். பெயரின் எழுத்து, பிறந்த தேதி, மனைவியின் பெயர், கடைசி ஊதியம், பதவிநிலை, ட்ரேட் குரூப் எனப்படும் தொழிற்பிரிவு, காயப் பிரிவு, ஊன விழுக்காடு ஆகியவற்றை டிஸ்சார்ஜ் புத்தகத்தோடும் ஆதாரோடும் ஒப்பிடுங்கள். ஆதாரில் ஓரெழுத்து மாறியிருந்தாலும் தொகை நின்றுபோகும்.

பலரும் கவனியாமல் விடுவது விழுக்காட்டை மேல்நோக்கிக் கணக்கிடும் முறையை. ஐம்பதுக்குக் குறைவான ஊனம் 50 ஆகவும், 50 முதல் 75 வரை 75 ஆகவும், 76 முதல் 100 வரை 100 ஆகவும் கொள்ளப்படும். மருத்துவக் காரணத்தால் விடுவிக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே தரப்பட்டுவந்த இந்த முறை, பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்ற ஊனமுற்ற வீரர்களுக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 10.12.2014 அன்று ராம் அவதார் வழக்கில் உறுதி செய்தது. என் தம்பிக்கு போர்டு தந்தது 60 விழுக்காடு. பிபிஓவில் 75 என்று வந்திருக்க வேண்டும். 60 என்றே வந்தது. உங்கள் தெருவில் 1971 போரிலோ, 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த அமைதிப்படையிலோ, 1999இல் கார்கிலிலோ காயமடைந்த பெரியவர் இருந்தால் அவருடைய பிபிஓவையும் எடுத்துப் பாருங்கள். படிக்க ஆளில்லாமல் பெட்டியில் கிடக்கும் பிபிஓக்கள் ஏராளம்.

நூறு விழுக்காட்டு ஊனமுற்று, எப்போதும் உடனிருந்து பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருக்கும் வீரருக்கு அதற்கெனத் தனிப்படி உண்டு. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின் அது மாதம் 6,750 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அகவிலைப்படி உயர்வை ஒட்டி உயரும். இதற்கு மெடிக்கல் போர்டின் பரிந்துரை வேண்டும் என்பதால் இரண்டாம் படியிலேயே கேட்டுவிடுங்கள்.

5. காகிதம் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டம்

மனுவுக்குப் பதில் வராத இடத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். மத்திய அரசின் இணையதளத்தில் தரைப்படையைத் தேர்ந்தெடுத்தோ, அஞ்சலில் போஸ்டல் ஆர்டர் இணைத்தோ அனுப்பலாம். கட்டணம் 10 ரூபாய். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். பதிலுக்குக் காலக்கெடு 30 நாள். பதில் வராவிட்டாலோ நிறைவு தராவிட்டாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாளுக்குள் மத்தியத் தகவல் ஆணையம்.

"ஓய்வூதியம் ஏன் வரவில்லை" என்று கேட்காதீர்கள். அதற்கு "உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது" என்ற பதிலே வரும். இன்ன தேதியிட்ட மனு எந்தக் கோப்பில் இருக்கிறது, எந்தப் பதவியில் உள்ளவரிடம் எத்தனை நாள் இருந்தது, கோப்பில் எழுதப்பட்ட குறிப்புகளின் நகல், காய அறிக்கையின் நகல், மெடிக்கல் போர்டு நடவடிக்கைகளின் நகல் என்று தனித்தனியாகக் கேளுங்கள். கோப்பு எந்த மேசையில் எத்தனை நாள் கிடந்தது என்று கேட்ட விண்ணப்பம் போய்ச் சேர்ந்த மூன்றாவது வாரத்தில், பதினான்கு மாதங்களாகக் காணவில்லை என்று சொல்லப்பட்ட காய அறிக்கை எங்களுக்குக் கிடைத்தது.

விண்ணப்பத்தைச் சரியான ரெக்கார்ட் ஆபீஸின் பெயரைக் குறிப்பிட்டு எழுதுங்கள். மெட்ராஸ் ரெஜிமெண்ட்டுக்கு நீலகிரி வெலிங்டன், மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்புக்கு பெங்களூரு, பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, தகவல்தொடர்புப் பிரிவான சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், வாகனங்களையும் கருவிகளையும் பராமரிக்கும் இ.எம்.இ.க்கு செகந்திராபாத்.

6. இரண்டு மேல்முறையீடுகளும் ஆறு மாதக் கணக்கும்

கோரிக்கை மறுக்கப்பட்டால் ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு, அதுவும் மறுக்கப்பட்டால் அடுத்த ஆறு மாதத்துக்குள் இரண்டாவது. இரண்டையும் ரெக்கார்ட் ஆபீஸ் வழியாகவே அனுப்ப வேண்டும். மறுப்புக் கடிதம் கைக்கு வந்த தேதியை உறையோடு பத்திரப்படுத்துங்கள். மேல்முறையீட்டில் சினத்தையும் தியாகத்தையும் நான்கு பக்கம் எழுதுவதைவிட, காய அறிக்கையில் இன்ன வரி தவறு, சாட்சிகளின் வாக்குமூலம் இது, ஆகவே 2001 ஆணையின் 'இ' பிரிவு பொருந்தும் என்று ஒன்றரைப் பக்கத்தில் எழுதுவதே பயன் தரும். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான விவரத்தை இணையத்திலிருந்து உடனே அச்செடுத்து வையுங்கள். சில மாதங்களில் அந்த விவரம் இணையத்தில் கிடைக்காமல் போகலாம்.

நாங்கள் செய்த பெரிய தவறு இங்கேதான். பதில் வரும் வரும் என்று பதினொரு மாதம் காத்திருந்தோம். ஆறு மாதம் பதிலே இல்லையென்றால் அதையே காரணமாகக் காட்டி, படைவீரர் வழக்குகளை விசாரிக்கும் படைத்துறைத் தீர்ப்பாயத்துக்குச் செல்லச் சட்டம் இடம் தருகிறது என்பது எங்களுக்குத் தெரியாது. ஐந்து மாதங்கள் வீணாயின.

7. தீர்ப்பாயம்

தமிழ்நாட்டவருக்குப் படைத்துறைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு. இறுதி ஆணை வந்த ஆறு மாதத்துக்குள், பதிலே வராவிட்டால் காத்திருந்த ஆறு மாதம் முடிந்தபின் அடுத்த ஆறு மாதத்துக்குள், விண்ணப்பிக்க வேண்டும். காலம் கடந்துவிட்டது என்று முதியவர்கள் பின்வாங்க வேண்டாம். ஓய்வூதியம் மாதாமாதம் தொடரும் உரிமை என்பதால் தாமதத்தை மன்னிக்கக் கோரலாம். ஆனால் 2008இல் தர்சேம் சிங் வழக்கில் வந்த தீர்ப்பின்படி நிலுவைத் தொகை பொதுவாக மனு செய்வதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கே கிடைக்கும். ஒவ்வொரு மாதத் தாமதமும் ஒரு மாதத் தொகையை விழுங்கும்.

எங்கள் நோட்டுக் கணக்கில் மொத்தச் செலவு 61,000 ரூபாய். வழக்கறிஞர் கட்டணம் 45,000. நகல், தபால், நோட்டரி 4,000. மீதி பயணமும் தங்குதலும். உங்களுக்கு இதில் பெரும்பகுதியைத் தவிர்க்க வழி உண்டு. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி மாற்றுத்திறனாளிகளுக்கு இலவசச் சட்ட உதவி உரிமை உண்டு. படைவீரர் குடும்பங்களுக்கென தேசியச் சட்டப்பணிகள் ஆணையம் 2025 ஜூலையில் தனித்திட்டமும் தொடங்கியது. அதன்படி முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களில் சட்ட உதவி மையங்கள் அமைய வேண்டும். உங்கள் மாவட்டத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஏன் இல்லை என்று எழுத்தில் கேளுங்கள். வெற்றி பெற்றால் நிலுவையில் இத்தனை விழுக்காடு தர வேண்டும் என்று ஒப்பந்தம் கேட்கும் இடைத்தரகர்களிடம் டிஸ்சார்ஜ் புத்தகத்தின் அசலைக் கொடுக்காதீர்கள்.

தீர்ப்பு சாதகமாக வந்த நாளில் கடமை முடிவதில்லை. எங்கள் தீர்ப்பு வரப் பதினான்கு மாதம், அது நடைமுறைக்கு வந்து திருத்திய பிபிஓ கிடைக்க மேலும் ஏழு மாதம். தீர்ப்பில் குறித்த கெடு முடிந்த மறுநாளே நிறைவேற்றக் கோரும் மனுவைப் போடுங்கள். ஊனமுற்ற வீரர்களுக்கு எதிராக அரசே மேல்முறையீடு செய்துகொண்டிருப்பதைக் குறைக்க வேண்டும் என்று, 2015இல் பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் அமைத்த வல்லுநர் குழு பரிந்துரைத்தது. அதற்குப் பிறகும் தீர்ப்பு பெற்றவர்கள் காத்திருக்கிறார்கள். தாமதத்துக்கு இந்த மேசையில் இன்னார் பொறுப்பு என்று பதிவாகாதவரை இது தொடரும் என்பதே என் உறுதியான எண்ணம். அதனால்தான் கோப்பின் பயணத்தை நாள்வாரியாகக் கேட்கச் சொல்கிறேன்.

8. ஊரில் செய்ய வேண்டியவை

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் டிஸ்சார்ஜ் புத்தகம், பிபிஓ, ஆதார், குடும்பப் புகைப்படம் கொடுத்துப் பதிந்து அடையாள அட்டை பெறுங்கள். ஆட்சியர் நடத்தும் முன்னாள் படைவீரர் குறைதீர் கூட்டத்தில் மனுவைக் கொடுத்துப் பதிவெண் வாங்குங்கள்.

முன்னாள் படைவீரருக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ்.ஸின் அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது போர்க்களக் காயம் என்ற சான்றை இணைத்தால் சந்தாவிலிருந்து விலக்கு கிடைக்கும். பணம் கட்டிவிட்டுத் திரும்பக் கேட்பது கடினம். செயற்கைக் கால் பொருத்த புனேயில் படைத்துறையின் செயற்கை உறுப்பு மையம் இருக்கிறது. முதற்கால் பொருத்தியதோடு நில்லாமல், எஞ்சிய காலின் முனை சுருங்கும்போது அது பொருந்தும் செயற்கைக் காலின் குழியை மாற்ற வேண்டும் என்பதால் அடுத்த வருகைக்கான தேதியை அங்கேயே எழுதி வாங்குங்கள். முதுகெலும்பில் அடிபட்டு இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவர்களுக்கு புனேயை அடுத்த கட்கியிலும் மொஹாலியிலும் தங்கிப் பயிலும் மறுவாழ்வு மையங்கள் உள்ளன. மாற்றுத்திறனாளி அடையாள அட்டையையும் தனியே வாங்க வேண்டும். மெடிக்கல் போர்டு தாள் அதற்கு ஈடாகாது. மருத்துவக் காரணத்தால் விடுவிக்கப்பட்டவரின் ஊன ஓய்வூதியத்துக்கு வருமானவரி விலக்கு உண்டு. பிடித்தம் செய்திருந்தால் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறுங்கள்.

உயிருடன் இருப்பதை உறுதிசெய்யும் வாழ்நாள் சான்றை ஆண்டுதோறும் அளிக்க மறவாதீர்கள்; தவறினால் ஓய்வூதியம் நின்றுவிடும். கையை இழந்தவர்களிடமும் விரல்நுனி தீய்ந்தவர்களிடமும் "ரேகை விழவில்லை" என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டியே சான்று பதியலாம். வீட்டில் இருக்கும் கைப்பேசியில் முடிந்துவிடும். பதிவானதற்கான எண்ணைக் கோப்பின் முதல் தாளில் தேதியோடு எழுதி வையுங்கள்.